தொப்கா அண்ணை

அவர் சாட்சி சொல்ல எழும்பினால் போதகரின் முகம் சுருங்கும். நீளமாகப் பேசிவிடுவாரோ என்ற பயம் அல்ல. ஒரே வசனத்தில் முடித்துவிட்டு இருந்துவிடுவார். அதற்குப் பிறகு எழும்ப வேண்டியவர் திக்குமுக்காடிப் போவார். அதுதான் பிரச்சினை.

எண்பதுகளின் நடுப்பகுதி. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஆங்கிலேயர்களின் பழைய தேவாலயம் ஒன்றின் பின்பக்க மண்டபத்தை ஞாயிறு தோறும் வாடகைக்கு எடுத்து எங்கள் ஆட்கள் தமிழில் ஆராதனை நடத்தினார்கள். பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். அந்த வாரம் கடவுள் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழும்பிச் சொல்வார்கள். ஒருவருக்கு ஒன்பது மாதமாக வராத கடிதம் ஜெபித்த மறுநாள் வந்திருக்கும். இன்னொருவருடைய சிறுநீரகக் கல் தானாகக் கரைந்து டொக்டர்மாரைத் திகைக்க வைத்திருக்கும். நெடுஞ்சாலையில் லொறியோடு மோதிய காரிலிருந்து ஒரு குடும்பமே கீறலில்லாமல் இறங்கி வந்திருக்கும். கூட்டம் அல்லேலூயா சொல்லிச் சொல்லிச் சூடேறி நிற்கும்போது, மூன்றாவது வரிசையின் ஓரத்தில் இவர் எழும்புவார். மெலிந்த ஆள். நாற்பது வயது இருக்கும். கழுத்துவரை பொத்தான் பூட்டிய மண்ணிறச் சட்டை.

“போன ஞாயிறு துவங்கி இந்த ஞாயிறு வரைக்கும் எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. கர்த்தருக்குத் தோத்திரம்.”

அவ்வளவுதான். இருந்துவிடுவார்.

ஒருநாள் போதகர் பொறுமையிழந்து, கர்த்தர் செய்த ஏதாவது ஒரு காரியத்தையாவது குறிப்பிட்டுச் சொல்லக்கூடாதா என்று கேட்டார். இவர் மறுபடி எழும்பிக் கூரையைப் பார்த்து வெகுநேரம் யோசித்தார். செவ்வாய்க்கிழமை பஸ் வந்தது என்றார். பிறகு, நேர்மையான ஆள் என்பதால், கொஞ்சம் பிந்தித்தான் வந்தது என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் சைவ சமயத்தவன். அந்த மண்டபத்தில் எனக்கு வேலையே இல்லை. ஆனால் நானும் அவரும் ஒரே வீட்டில், ஒரே அறையில் இருந்தோம். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. வந்து நான்கு மாதம். ஆராதனை முடிந்ததும் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் கொடுப்பார்கள் என்று அவர்தான் சொன்னார். மதம் மாற்றும் ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பாணும் ஜாமும் சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். கறிக்காகப் போனவன் சாட்சிகளுக்காகவும் போகத் தொடங்கினேன். ஒவ்வொரு வாரமும் இவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் எழும்பும்போது கதிரை நுனிக்கு வந்துவிடுவேன்.

அவர் விம்பிள்டனில் ஒரு கார் தரிப்பிடத்தின் வாசல் கூண்டில் வேலை செய்தார். கார் வரும், தடுப்பு மேலே போகும், தடுப்பு கீழே வரும். அந்தக் கூண்டைப் பற்றி அவர் பேசும்போது சிலர் ஊட்டியைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். ஒரு வருடம் கழிந்ததும் முதலாளி கூப்பிட்டு, மூன்று தரிப்பிடங்களுக்கும் அவரை மேற்பார்வையாளராக்குவதாகச் சொன்னார். இவர் பதறிப்போய் வீட்டுக்கு வந்தார். மேற்பார்வையாளருக்கு ஏதாவது நடக்கும் என்பது அவர் பயம். அவருடைய மறுப்புக் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்து லண்டன் மாநகரத்தில் பதவி உயர்வு வேண்டாம் என்று விண்ணப்பித்த ஒரே தமிழன் அவர்தான்.

பெயருக்கு வருகிறேன். ஒருநாள் மாலை, நான் இஸ்திரிப்பெட்டியால் சட்டை அழுத்திக்கொண்டிருந்தபோது, ஏன் அண்ணை எப்போதும் ஒன்றும் நடக்கவில்லை என்றே சொல்லுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கட்டிலுக்கடியிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்தார். அந்தப் பக்கத்தில் அழுக்கு ஏறியிருந்தது. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேல் சனங்கள் தப்பி ஓடி, நாற்பது வருடம் பாலைவனத்தில் அலைந்த கதை எனக்கும் மேலோட்டமாகத் தெரியும். அவர்கள் கூடாரம் போட்ட இடங்களையெல்லாம், அவர்களை நடத்திப் போன மோசே ஒரு பட்டியலாக எழுதி வைத்திருக்கிறாராம். நாற்பதுக்கு மேற்பட்ட இடங்கள். அண்ணை விரலை வைத்து ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னார். மாராவில் தண்ணீர் கசந்தது, சனம் முறுமுறுத்தது. ரெவிதீமில் தண்ணீரே இல்லை, அதோடு ஒரு யுத்தமும் வந்தது. சீனாய் மலையில் பொன்னில் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டு ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இன்னோர் இடத்தில் இறைச்சி கேட்டு அழுதார்கள். இறைச்சி கிடைத்தது, பல்லில் இருக்கும்போதே கொள்ளைநோயும் வந்தது.

பிறகு விரலைப் பின்னோக்கி நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினார்.

“தொப்கா” என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

தொப்காவில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

“வந்தவை. இருந்தவை. போனவை. அவ்வளவுதான் எழுதிக் கிடக்கு. ஒருத்தரும் சாகேல்லை. ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை. கடவுளுக்குக் கோவம் வரேல்லை. ஆரோ சமைச்சிருப்பினம். பிள்ளையள் மண்ணுக்கை விளையாடியிருக்குங்கள். வேறை என்ன தம்பி வேணும் மனுசனுக்கு?”

எனக்கு இளவயதுக் குறும்பு. அவ்வளவு நல்ல இடமென்றால் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஒரே அறையில் இரண்டு நாள் பேசாமலிருப்பது சின்ன விஷயமல்ல. உப்பு எங்கே என்று கேட்பதற்குக்கூட நான் கீழ்மாடிக்குப் போக வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

“மேகம் எழும்பியிருக்கும்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. கடவுள் ஒரு மேகமாக அவர்களுக்கு மேலே நிற்பாராம்; மேகம் நகர்ந்தால் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு பின்னால் போயே ஆக வேண்டுமாம். அதுதான் காரணம். அவர்களாக விரும்பிப் போயிருக்க மாட்டார்கள். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்திருக்கிறது. சொல்லி முடித்ததும் முகம் தெளிந்து, உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தார்.

இந்தக் கதையை நான் ஐந்தாறு பேருக்குச் சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து முழுச் சபையும் அவரைத் தொப்கா அண்ணை என்று கூப்பிடத் தொடங்கியது. அவர் கோபிக்கவில்லை. பட்டம் கிடைத்த மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஒன்றும் நடக்காத மனிதனாக இருப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அகதி விண்ணப்பம் என்பது தனக்கு ஊரில் நடந்ததைச் சொல்வது. அவருடைய வழக்கறிஞர் டூட்டிங்கில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஐரிஷ்கார அம்மா; நரைத்த தலை, எப்போதும் மூக்கொழுகும் தடிமன். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவன் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அம்மா கேட்டார், இவர் சொன்னார், நான் மாற்றிச் சொன்னேன். ஊரில் என்ன வேலை? கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சர். கைது செய்யப்பட்டீர்களா? ஓம், பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் என்ன நடந்தது? நாள் போனது. அடித்தார்களா? எல்லோருக்கும் அடித்த மாதிரித்தான், எனக்கென்று விசேஷமாக ஒன்றும் அடிக்கவில்லை. ஏன் விட்டார்கள்? இடம் போதாமல் இருந்திருக்கும்.

வழக்கறிஞர் பேனாவை வைத்துவிட்டு மூக்கைச் சீறினார். இப்படிச் சொன்னால் குடிவரவுக்காரர் இவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பயம் பிடித்தது. அடுத்த இரண்டு பதில்களையும் நான் கொஞ்சம் வளர்த்தேன். அவர் “சுவரோடை நிக்க விட்டவை” என்று சொன்னதை, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் ஆக்கினேன். அந்த அம்மா ஆர்வத்தோடு எழுதத் தொடங்கினார். அண்ணை முன்னால் சாய்ந்து, அதுவரை நான் அவர் வாயில் கேட்டிராத தெளிவான ஆங்கிலத்தில், தம்பி கூட்டிச் சொல்கிறார், தயவுசெய்து அதை வெட்டிவிடுங்கள் என்றார்.

எனக்குக் காது சுட்டது. அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெட்டினார். வெட்டிவிட்டு, வேறேதாவது சொல்ல இருக்கிறதா, கடைக்கு ஏதாவது நடந்ததா என்று கேட்டார்.

“கடை எரிஞ்சது. ஆமி வந்த அண்டு. எனக்கு ஒண்டும் இல்லை, நான் சீனி மூட்டை இறக்க வெளியிலை நிண்டனான்.”

உள்ளே யாராவது இருந்தார்களா என்று அந்த அம்மா கேட்டார்.

அண்ணை தண்ணீர் கேட்டார். கொடுத்ததைக் குடித்து முடித்தார். கோப்பையை மேசையின் விளிம்போடு சரிபார்த்து வைத்தார். இந்த முறை என்னைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னார்.

“ரெண்டு பெடியள். நிறுக்கிறவனும் பில் துண்டு எழுதுறவனும். அது அவையளுக்கு நடந்தது தம்பி. எனக்கு நடந்ததெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?”

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. வழக்கறிஞர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். பிறகு குனிந்து அந்த வசனத்தை அப்படியே எழுதினார். எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டி, இது போதும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணை ஜன்னல் பக்கம் இருந்தார். கோலியர்ஸ் வுட் வந்ததும், இறங்க வேண்டும் என்று நான்தான் தோளில் தட்ட வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறும் அவர் சாட்சி சொன்னார். அதே வசனம். ஆனால் எனக்குக் கறி இறங்கவில்லை.

அதற்கடுத்த வருடம் சபையின் ஆண்டு விழாவுக்குப் போதகர் ஒரு யோசனை சொன்னார். வனாந்தரப் பயணத்தை மண்டபத்துக்குள் ஒரு கண்காட்சியாக அமைப்பது. வாசல் எகிப்து, மேடை யோர்தான் நதி. நடுவில் ஒவ்வொரு தங்குமிடத்தையும் ஒரு குடும்பம் பொறுப்பெடுக்க வேண்டும். ஏலிம் யாருக்கு என்பதில் மூன்று குடும்பங்கள் முகம் முறித்துக்கொண்டன. அங்கே பன்னிரண்டு நீரூற்றும் எழுபது பேரீச்ச மரமும் இருந்ததாம், படத்துக்கு எடுப்பாக இருக்கும். சீனாய் மலைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். அண்ணை கையை உயர்த்தித் தனக்குத் தொப்கா போதும் என்றார். போட்டி இருக்கவில்லை.

விழா நாள் காலை நான் பிரியாணிக் கிடாரங்களை இறக்கக் கூடப்போனேன். செங்கடல் நல்ல வடிவு. நீலச் சேலைகளைக் கயிற்றில் கட்டி நடுவில் பிரித்திருந்தார்கள். மாராவில் பாகற்காய்ச் சாறு கொடுத்தார்கள். மோசே மரக்கட்டை ஒன்றைப் போட்டதும் கசந்த தண்ணீர் இனிப்பானது என்பதைக் காட்ட அதற்குள் சீனியும் கரைத்திருந்தார்கள். குடித்த பிள்ளைகள் எல்லோரும் நேரே கழிவறைக்கு ஓடினார்கள். ஏலிமில் எழுபது மரங்களுக்கு நாற்பத்துமூன்றுதான் வெட்டி முடிந்திருந்தது. அவையும் பேரீச்ச மரமாக இல்லை, நுங்கு தொங்கும் பனைமரமாக இருந்தன. வரைந்தவருக்கு வேறு மரம் தெரியாது. அடுத்தது மன்னா விழுந்த இடம். வானத்திலிருந்து விழுந்த உணவு வெள்ளையாகவும் சின்ன உருண்டையாகவும் இருந்தது என்று எழுதியிருப்பதால், அந்தக் குடும்பம் மெழுகு பூசிய பலகைத் தரையில் நாலு கிலோ சவ்வரிசியைக் கொட்டியிருந்தது. பத்து மணிக்குள் மூன்று பேர் விழுந்தார்கள்.

அதைத் தாண்டினால் தொப்கா. ஒரு பழைய கம்பளம். இரண்டு கதிரை. ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர். சுவரில் படமில்லை, வசனமில்லை. மட்டையில் ‘தொப்கா’ என்று மட்டும் எழுதி ஊசியால் குத்தியிருந்தார். ஒரு கதிரையில் தான் இருந்தார்.

அன்றைக்குத்தான், விமான நிலையப் பக்கம் ஹவுன்ஸ்லோவில் இருப்பதால் ஹவுன்ஸ்லோ அக்கா என்று எல்லோரும் கூப்பிட்டவர் வந்தார். அவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது, கலியாணமாகவில்லை. ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. அவருடைய தம்பி ஒருவன் ஊரில் காணாமல் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அது எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அவருடைய கஷ்டம். கிடாரத்தோடு அவருக்குப் பின்னால் போன நான் கண்ணால் கண்டேன். செங்கடலில் ஒருவர், தம்பியிட்டை இருந்து ஏதும் தகவலோ என்று கேட்டார். மாராவில் இன்னொருவர் கேட்டார். ஏலிமில் இரண்டு பேர், கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்கள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும், இல்லை, இன்னும் இல்லை, ஜெபித்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிச் சொல்லி, சவ்வரிசியில் வழுக்காமல் தப்பி, தொப்காவுக்கு வந்து வெறும் கதிரையில் இருந்தார்.

அண்ணை தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

நான் பிரியாணி பரிமாறிவிட்டு வந்தபோதும் இருந்தார்கள். பாத்திரம் கழுவிவிட்டு வந்தபோதும் இருந்தார்கள். வாய் திறந்து கதைத்ததை நான் காணவில்லை. ஒருமுறை அக்கா கோப்பையை நீட்டினார். அண்ணை மறுபடி ஊற்றினார்.

இதற்கிடையில் ரெவிதீமில் பொறியியலாளர் ஒருவர் கன்மலை கட்டியிருந்தார். கோயம்புத்தூர்க்காரர், கெட்டிக்காரர். மோசே கோலால் அடித்ததும் பாறையிலிருந்து தண்ணீர் வர வேண்டும். பாறை காகிதக்கூழ், உள்ளே துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய், அதன் மறுமுனை சமையலறைப் பைப்பில். குழாய் தாங்குமா என்று போதகர் கேட்டதற்கு, “ஒண்ணும் ஆகாதுங்க ஐயா, ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணிட்டேன்” என்றார். மாலை மூன்று மணிக்கு மோசே வேடம் போட்டவர் உணர்ச்சி மேலிட்டு உண்மையாகவே ஓங்கி அடித்தார். பாறை பிளந்தது. குழாய் கழன்று பாம்புபோல எழும்பி, சீனாய் மலை முழுவதையும் நனைத்தது. மலையில் புகை வரவேண்டும் என்பதற்காகத் தணலில் சாம்பிராணி போட்டு வைத்திருந்தார்கள். தணலில் தண்ணீர் பட்டதும் எழுந்த புகையில் மேடையே மறைந்தது. கூரையில் தீ எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது.

சனம் எகிப்தை நோக்கித் திரும்பி ஓடியது. சவ்வரிசியில் சறுக்கி, செங்கடலைக் கிழித்துக்கொண்டு, நூற்றைம்பது பேரும் தெருவுக்கு வந்து மழையில் நின்றோம். போதகர் எண்ணிப் பார்த்தார். இரண்டு பேர் குறைந்தது.

தீயணைப்பு வண்டி வந்தது. பெரிய சப்பாத்து போட்ட இரண்டு பேர் உள்ளே போனார்கள். நான் பின்னால் ஓடினேன். மண்டபம் முழுக்கக் கணுக்காலளவு தண்ணீர். வீங்கிய சவ்வரிசியும் பனைமரங்களும் மிதந்தன. கம்பளத்தின் நடுவில், கால்களைக் கதிரைச் சட்டத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, தொப்கா அண்ணையும் ஹவுன்ஸ்லோ அக்காவும் இருந்தார்கள். அக்கா அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாத, நின்று நிதானமாக வரும் அழுகை. அண்ணை தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீயணைப்புக்காரர் ஒருவர் குனிந்து, இங்கே என்ன பிரச்சினை என்று கேட்டார்.

பிரச்சினை ஒன்றுமில்லை, இந்த அம்மா அழுது முடிக்கட்டும், வருகிறோம் என்றார் அண்ணை.

மண்டபத்தை மூன்று மாதத்துக்கு எங்களுக்குத் தர மறுத்துவிட்டார்கள். போதகரின் வரவேற்பறையில் நெருக்கியடித்து ஆராதனை நடந்தது. அங்கேதான் எல்லோரும் கவனித்தார்கள்: தொப்கா அண்ணை சாட்சி சொல்ல எழும்பவில்லை. முதல் வாரம் தடிமன் என்று நினைத்தார்கள். இரண்டாம் வாரமும் எழும்பவில்லை. மூன்றாம் வாரம் போதகரே, அண்ணைக்கு ஒண்டும் இல்லையோ என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்; அண்ணை பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அறையில் நிலைமை இன்னும் மோசம். சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். கார் தரிப்பிடத்தில் தடுப்பைத் தவறான நேரத்தில் இறக்கி ஒருவருடைய புதுக் காரின் கூரையில் கோடு விழுத்தினார். நாலாம் சனிக்கிழமை காலை, கழுத்துவரை பொத்தானைப் பூட்டிக்கொண்டு, ஹவுன்ஸ்லோவுக்கு எந்த பஸ் போகும் என்று என்னிடம் கேட்டார். நேரே போகிற பஸ் இல்லை என்றேன். நீரும் வாரும் என்றார்.

மூன்று பஸ் மாறிப் போனோம். அக்கா ஒரு வீட்டின் மேல்மாடியில் தனி அறையில் இருந்தார். எங்களைக் கண்டு திகைத்தாலும் தேநீர் போட்டார், பிஸ்கட் வைத்தார். அண்ணை தேநீரைக் குடித்தார். பிஸ்கட்டைச் சாப்பிட்டார். ஜன்னலுக்கு மேலால் விமானங்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு போயின. கால் மணித்தியாலம் கழித்து, அப்ப நாங்கள் வாறம் என்று எழும்பினார்.

நான் படியில் அவரை மறித்தேன். இதற்காகவா மூன்று பஸ் மாறி வந்தோம் என்று கேட்டேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தம்பி எனக்கு ஏலாது, நீர் போய்ச் சொல்லும் என்றார். நீங்கள் சொல்லுவதைவிட நான் கூட்டித்தான் சொல்லுவேன் என்று மிரட்டினேன். அது வேலை செய்தது. திரும்பி மேலே ஏறினார். கதவு திறந்தே இருந்தது. அக்கா கோப்பைகளைக்கூட எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

அண்ணை ஒரே மூச்சில் சொன்னார். தனக்கு இன்னும் விசா இல்லை, கார் தரிப்பிடத்தில்தான் வேலை, அங்கேயும் இப்போது பெயர் கெட்டுவிட்டது, நாற்பத்திரண்டு வயது, கதைக்கத் தெரியாது, ஊரில் தன் கண்ணுக்கு முன்னால் இரண்டு பெடியள் செத்தார்கள், அதை நினைக்காத நாளில்லை. சொல்லிவிட்டு நிறுத்தினார். கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

அக்கா காத்திருந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “அண்டைக்கு உங்களுக்குப் பக்கத்திலை முழுப் பின்னேரமும் இருந்தனான். நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை. அது எனக்குப் பெரிய உதவி. ஆனா இப்பவாவது கேளுங்கோவன்.”

நான் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். அண்ணை வந்து சேர ஒரு மணித்தியாலமாயிற்று. வந்தவர் பஸ் தரிப்பைத் தாண்டி எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அந்த மாரிகாலத்தில் கலியாணம் நடந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு, நாட்டில் இருக்கலாம் என்ற கடிதமும் வந்தது. எதனால் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. அந்த ஐரிஷ்கார அம்மா கலியாணத்துக்கு வந்து, பிரியாணி உறைப்பில் மூக்கு வழிய, அண்ணையின் வாக்குமூலத்தில் ஒரு சொல்லையும் தான் மாற்றவில்லை என்று மட்டும் சொன்னார். அக்காவின் தம்பியைப் பற்றித் தகவல் வரவே இல்லை. அவர்கள் ஹவுன்ஸ்லோவில் விமானப் பாதைக்குக் கீழே வீடு எடுத்தார்கள். நான் வேலை கிடைத்து வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். லண்டனின் ஒரு மூலைக்கும் மறுமூலைக்கும் இடையில் எங்கள் பழக்கம் வருடத்தில் ஒரு வாழ்த்து அட்டை என்ற அளவுக்குச் சுருங்கியது. மகள் பிறந்ததையும் அட்டையில்தான் அறிந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், நான் வேலை செய்த அச்சகத்துக்குத் தொலைபேசி வந்தது. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வேலை நேரத்தில் தனிப்பட்ட அழைப்புகள் எடுக்கக்கூடாது. மனேச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டே ரிசீவரை நீட்டினார்.

“தம்பி, பிள்ளை விழுந்து கையை முறிச்சுப்போட்டா” என்றது தொப்கா அண்ணையின் குரல்.

பதறிப்போய் எப்படி என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். முதல்நாள் பின்னேரத்திலிருந்து தொடங்கினார். பிள்ளை முட்டை வேண்டாம் என்றது, தாய் ஏசினார், பிள்ளை கோபித்துக்கொண்டு மேசைக்கடியில் படுத்தது, காலையில் எழும்பிச் சிவப்புச் சட்டைதான் போடுவேன் என்று நின்றது, வாலில் நட்சத்திரம் போட்ட விமானம் ஒன்று போகிறதென்று ஜன்னல் விளிம்பில் ஏறியது, எந்தக் காலை முதலில் வைத்தது, எந்தக் கையை விட்டது. வேகமாகவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. பின்னால் அக்கா, தம்பி வேலையிலை நிக்கிறார், சுருக்கிச் சொல்லுங்கோவன் என்பது கேட்டது. கேட்காத மாதிரி அவர் தொடர்ந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் பிள்ளைக்கு ஒட்டுப்படம் கொடுத்தாளாம், மாவுக்கட்டுக்கு என்ன நிறம் வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்டார்களாம்.

மனேச்சர் சுவரிலிருந்த மணிக்கூட்டைக் காட்டினார். நான் அவருக்கு முதுகைத் திருப்பி, மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டு, சொல்லுங்கோ அண்ணை, என்ன நிறம் கேட்டவ என்றேன்.